ஏதென்ஸ் நகரக் கல்லறைச் சிற்பங்களில் துயரத்தின் மெய்ப்பாடு

முன்னுரை

பண்டைய ஏதென்ஸ் நகரின் கல்லறைப் புடைப்புச் சிற்பங்களில் கண்ணீர் அரிது. இறந்தோரும் அவரை இழந்தோரும் பெரும்பாலும் அமைந்த முகத்தினராகவே செதுக்கப்பட்டுள்ளனர். இவ்வமைதி துயரின்மை ஆகாது. முகத்தில் காட்டப்படாத துயரம் பிற உறுப்புகளிலும் உருவங்களிலும் வெளிப்படுவதை மூன்று சிற்பங்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

அரற்றலும் அடக்கமும்

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த திபிலோன் தாழியில், கிடத்தப்பட்ட உடலின் இருமருங்கிலும் தலையில் கைவைத்து அரற்றுவோர் தீட்டப்பட்டுள்ளனர். பின்னர்ச் சோலோனின் சட்டம், பெண்கள் உடலைக் கீறிக்கொண்டு அழுவதைத் தடுத்ததாகப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். எனினும் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் குவளை ஓவியங்களிலும் அரற்றும் பெண்கள் இடம்பெறுகின்றனர். ஆகவே, கல்லில் காணும் அடக்கம் இறப்புச் சடங்கின் நேர்ப்பதிவன்று. சிற்பிகள் தேர்ந்துகொண்ட வெளிப்பாட்டு முறையாகும்.

மூன்று சிற்பங்கள்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த எகேசோவின் கல்லில், இருக்கையில் அமர்ந்த அப்பெண் பணிப்பெண் ஏந்திய பேழையிலிருந்து அணிகலன் ஒன்றை எடுத்துப் பார்க்கிறாள். வண்ணத்தால் தீட்டப்பட்டிருந்த அணிகலன் இன்று அழிந்துவிட்டது. இறப்பைக் குறிக்கும் செயல் எதுவும் இதில் இல்லை. இனி நிகழவியலாத அன்றாடச் செயலொன்று நிலைபெற்றிருப்பதே இழப்பை உணர்த்துகிறது.

ஏறத்தாழ அதே காலத்து அம்பரேத்தேயின் கல்லில், மூதாட்டி ஒருத்தி குழந்தையை ஏந்தியுள்ளாள். தாயும் சேயும் என எண்ணுவோர்க்குக் கல்வெட்டுப் பாடலே உண்மையைக் கூறுகிறது: அது அவளுடைய மகளின் குழந்தை, இருவருமே இறந்தவர்கள். உருவம் அன்பை மட்டும் காட்ட, துயரத்தை எழுத்து சுமக்கிறது.

கி.மு. 340 அளவில் செதுக்கப்பட்டு, இலிசோஸ் ஆற்றுப்படுகையில் கண்டெடுக்கப்பட்ட கல்லில் துயரம் பலரிடம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. முதிய தந்தை முகவாயில் கைவைத்து மகனை நோக்குகிறார். காலடியில் சிறுவன் ஒருவன் முழங்காலில் தலைசாய்த்துச் சுருண்டிருக்கிறான். நாய் நிலத்தை முகர்கிறது. இறந்த இளைஞனோ தந்தையைப் பாராது, கல்லின் முன் நிற்போரையே நோக்குகிறான். தந்தையின் பார்வைக்கு மறுபார்வை கிடைக்காமையே இச்சிற்பத்தின் துயர மையம்.

முடிவுரை

கி.மு. 317இல் ஆட்சிப் பொறுப்பேற்ற தெமெத்ரியோஸ் கல்லறை ஆடம்பரத்தைத் தடைசெய்தமையால் இம்மரபு ஏதென்ஸில் முடிவுற்றது. எகேசோவின் கை, அம்பரேத்தேயின் கல்வெட்டு, இலிசோஸ் தந்தையின் பார்வை ஆகியன, கண்ணீரைக் காட்டாமலே துயரத்தைக் காண்போரிடம் சேர்க்க இயலும் என்பதற்குச் சான்றாகின்றன.