மஸ்டர் ரோலும் இரண்டு படங்களும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டுச் சரிவுகளில் தொழிலுறப்பு, அதாவது ஊரக வேலை உறுதித் திட்ட வேலை என்றால் பெரும்பாலும் கல்வரப்பு கட்டுவதும் மழைக்குழி எடுப்பதும்தான். பாலக்காட்டுக்கு 2006 பிப்ரவரியில் வந்த திட்டம், இடுக்கிக்கு 2007இல் வந்தது. அன்று நாள் கூலி 125 ரூபாய், 2025-26இல் 369. கூலியைவிட அதிகம் மாறியது, நடந்த வேலைக்குக் கணக்குச் சொல்லும் விதம்.

அன்று மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியல் ஒரு தாள். வேலையை மேற்பார்க்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் மேட் அக்கா பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையெழுத்திடுவார். மண் பட்ட விரலின் தடமும் தாளில் விழும். வேலை முடிந்ததும் ஓவர்சியர் வந்து குழியின் நீளம், அகலம், ஆழம் அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருப்பது குழி வெட்டிய பெண்ணின் கையாகவே இருக்கும். எவ்வளவு எழுதினார் என்பது அவளுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

தாளிலும் பொய் எழுதலாம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 முதல் ஊர் கூட்டி மஸ்டர் ரோலை உரக்க வாசித்தபோது, செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளிவந்தது. 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்த போராட்டம் அது. பொய் பிடிபட்டதற்குக் காரணம், பெயருக்கு உரியவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டதுதான்.

2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு என்.எம்.எம்.எஸ். என்ற கைபேசிச் செயலியில். காலையில் ஒரு படம், சில மணி நேரம் கழித்து இன்னொன்று. இடமும் மணியும் தானே பதிவாகும். வராதவருக்கு வருகை போடுவது முன்புபோல் எளிதல்ல, டெல்லியில் இருப்பவரும் அன்றைக்கே பார்க்கலாம். இது உண்மையான லாபம். ஆனால் படத்தில் முகம் தெரியும், குழியின் ஆழம் தெரியாது. படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. எம்-புக் இன்னும் இருக்கிறது. ஆனால் படம் ஏறாவிட்டால், வெட்டிய குழி கண்ணெதிரே கிடந்தாலும் அன்றைய வருகை சந்தேகத்துக்கு உள்ளாகிறது. மூடுபனியும் சிக்னல் இல்லாத சரிவுகளும் உள்ள மலையில் இது சின்ன விஷயமல்ல.

2025 டிசம்பரில் 125 நாள் வேலை என்று புதுச் சட்டம் வந்தது. அதுவும் டிஜிட்டல் கண்காணிப்பையே நம்புகிறது. கணக்கு மேலே விரைந்து போகிறது, கீழே திரும்பி வருவதில்லை. கூலியில் ஒரு நாள் குறைந்தால் முன்பு மேட்டிடம் தாளை வாங்கிப் பார்த்தால் போதும். வலைத்தளம் பார்க்கத் தெரியாத பெண் இன்று அதற்காக வேலையை விட்டுவிட்டுப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போக வேண்டும்.