மின்சாரத்தோடு வாழ்தல் – 14: சாவி யார் பையில்?

பீங்கான் பியூஸ் கட்டை இருந்த காலத்து வயர்மேன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரிலோ மெயின் லைனிலோ கை வைப்பதற்கு முன், போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் திரும்பி வந்து அதைச் சொருகும்வரை அந்த லைனுக்குக் கரண்ட் வராது. வேறொரு கட்டையை யாராவது தேடி எடுத்து வந்து வம்படியாகச் சொருகினால்தான் உண்டு. விதிமுறைப் புத்தகம் எதையும் பார்த்துக் கற்றதல்ல இது. தன் உயிருக்கான சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்தது.

பிறகு எம்சிபி என்னும் மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர் வந்தது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924-இல் காப்புரிமை பெற்ற அந்தச் சின்னப் பெட்டி, நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் பியூஸ் கட்டையின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பாதுகாப்பில் அது பியூஸைவிடப் பல மடங்கு மேல். ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் டிரிப் ஆகும். கம்பி கட்ட வேண்டியதில்லை; தப்பான தடிமனில் கம்பியைக் கட்டிவிட்டு வயரையே எரியவிடும் ஆபத்தும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் இழந்தோம். எம்சிபியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. அதன் நாப்பை யார் வேண்டுமானாலும், ஒற்றை விரலால், ஒரு நொடியில் மேலே தூக்கிவிடலாம்.

தொழிற்சாலைகளில் இதனால் விபத்து நடக்கும் விதம் அநேகமாக ஒன்றுதான். எலெக்ட்ரீஷியன் மெஷினுக்குப் பின்னால் குனிந்து டெர்மினல் பாக்ஸைத் திறந்திருக்கிறார். ஷிஃப்ட் மாறுகிறது. புதிதாக வந்த ஆபரேட்டர் பட்டனை அழுத்திப் பார்க்கிறார், மெஷின் ஓடவில்லை. பேனலுக்குப் போகிறார். எம்சிபி கீழே இறங்கியிருக்கிறது. டிரிப் ஆகியிருக்கும் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தன் வேலையைத்தான் பார்த்தார். அதனால்தான் ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று சொல்வதோடு இதை முடித்துவிட முடியாது. அந்த நாப் மேலே போகவே கூடாது. அதைத் தடுக்கும் கருவிக்குப் பெயர் லாக்-அவுட்.

அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, இதற்கென்றே தனி விதிமுறையை 1989-இல் வெளியிட்டது. ஆண்டுக்குச் சுமார் 120 சாவுகளையும் 50,000 காயங்களையும் இது தடுக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் இதே கருத்தைச் சொல்கின்றன: ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்தக் கம்பிக்குத் தவறுதலாகக்கூட மின்சாரம் வந்துவிடாதபடி முன்னேற்பாடு செய்திருக்க வேண்டும். மின்வாரிய ஊழியர்கள் ‘எல்.சி.’ என்று சொல்லும் லைன் கிளியர் முறையும் இதற்காகவே ஏற்பட்டது. லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கைப்பிடியில் பூட்டுப் போட்டு, கம்பியை எர்த் செய்த பிறகுதான் கம்பத்தில் ஏற வேண்டும். மின்வாரியத்தில் இருக்கும் இந்த ஏற்பாடு, நம் பட்டறைகளில் பல இடங்களில் இன்னும் நுழையவில்லை. அங்கே எம்சிபி மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். டேப்பைப் பிரிக்க நகம் போதும்.

சரி, எந்த லாக்-அவுட்டை வாங்குவது? ‘எல்லா எம்சிபிக்கும் சேரும்’ என்று சொல்லி விற்கப்படும் எதையும் நான் நம்புவதில்லை. பிரேக்கர்களின் உருவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, உங்கள் பேனலில் இருக்கும் பிரேக்கரின் முகத்தை.

டார்ச் அடித்து, நாப்பை உற்றுப் பாருங்கள். பல எம்சிபிகளில் நாப்பின் இரண்டு பக்கமும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது லாக்-அவுட்டுக்காக விடப்பட்டது. இதற்கான கருவி கட்டைவிரல் அளவில், பெரும்பாலும் சிவப்பு நைலானில் வரும். அதிலிருக்கும் பட்டனை அழுத்தினால் இரண்டு ஸ்டீல் பின்கள் நகரும். அவற்றை ஓட்டைகளுக்கு நேராக வைத்துப் பட்டனை விட்டால் பின்கள் உள்ளே இறங்கும்; பிறகு பூட்டை மாட்டினால் பட்டன் அசையாது. பின்கள் வெளிப்பக்கமாக விரிந்து பிடிப்பது பின்-அவுட், உள்பக்கமாக நெருங்கிப் பிடிப்பது பின்-இன். பின்-அவுட்டிலேயே ஓட்டைகளுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பொறுத்து ஸ்டாண்டர்ட், வைட் என்று இரண்டு அளவு. தப்பான வகையை வாங்கினால் பின் ஓட்டையில் முழுதாக இறங்காமல் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். பார்வைக்குப் பூட்டியதுபோல் இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

ஓட்டையே இல்லாத பிரேக்கர்களும் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு போல் பிரேக்கர்களில் நாப்களை ஒரு குறுக்குப் பட்டை இணைத்திருந்தால், அந்தப் பட்டையையே கவ்விப் பிடிக்கும் டை-பார் வகை கிடைக்கிறது. பிரேக்கர் தயாரித்த கம்பெனியே அந்த மாடலுக்கென்று லாக்கிங் அட்டாச்மென்ட் விற்கிறதா என்றும் விசாரியுங்கள். விற்றால், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள் என்பேன். இவ்வளவு கச்சிதமாக வேறெதுவும் உட்காராது.

பெரிய மோட்டார்களுக்கும், பேனலுக்குள் மின்சாரம் நுழையும் இன்கமருக்கும் வரும் எம்சிசிபி என்ற பெரிய பிரேக்கருக்கு வேறு கருவி. அதன் கட்டையான லீவரைக் கவ்வி, திருகை முறுக்கி இறுக்கிவிட்டு, திருகின் மேல் மூடியைச் சாத்திப் பூட்டுவார்கள். லீவரின் அகலத்தையும் தடிமனையும் அளக்காமல் இதை வாங்கக் கூடாது. இதில் இன்னொரு கவனமும் வேண்டும். எம்சிசிபி டிரிப் ஆனால் லீவர் நடுவில் நிற்கும். அந்த நிலையிலேயே பூட்டிவிடாதீர்கள். முழுக்க ஆஃபுக்கு இறக்கிய பிறகுதான் பூட்ட வேண்டும். பேனல் கதவில் சுழலும் கைப்பிடி இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். ஆஃப் நிலையில் பூட்டு நுழைய அந்தக் கைப்பிடியிலேயே பெரும்பாலும் இடம் விட்டிருப்பார்கள்.

அடுத்தது பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கனமான உலோகப் பூட்டுக்கு பேனலுக்குள் இடமில்லை. அது எம்சிபியைக் கீழே இழுக்கும். அதன் உடம்பே கரண்டைக் கடத்தும். தொங்கி ஆடினால் பக்கத்து நாப்பைத் தட்டிவிடவும் கூடும். நைலான் உடம்பு கொண்ட, எடை குறைந்த சேஃப்டி பூட்டுகளை வாங்குங்கள். அவற்றின் வளையம் பொதுவாக 6 மி.மீ. தடிமனில் இருக்கும். கருவியின் ஓட்டையில் அது நுழைகிறதா, பூட்டிய பிறகு பேனல் கதவு சாத்துகிறதா என்று கடையிலிருந்து வந்த அன்றே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானது. ஒரு ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. நான்கு பேர் ஒரே மெஷினில் வேலை செய்தால் நான்கு பூட்டுகள் தொங்க வேண்டும். அதற்காகத்தான் ஆறு ஓட்டைகள் கொண்ட ஹாஸ்ப் விற்கிறார்கள். சூப்பர்வைசர் ஒருவர் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொள்வது லாக்-அவுட் ஆகாது. உள்ளே கை விட்டிருப்பவரின் பையில்தான் சாவி இருக்க வேண்டும். அவர் பெயரும் படமும் உள்ள டேக் பூட்டோடு தொங்க வேண்டும். ஒருவர் பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால்? ஓஷா விதி இதற்கு வழி சொல்கிறது. அவர் தொழிற்சாலைக்குள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவரைத் தொடர்புகொள்ள முயன்று, அதன் பிறகே பூட்டை எடுக்க வேண்டும். அவர் மறுபடி வேலையில் இறங்குவதற்கு முன் பூட்டு எடுக்கப்பட்ட செய்தி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டரை எடுத்து வெட்டிவிட்டு வேலையைப் பார் என்பதற்கு அங்கே இடமில்லை.

பூட்டிவிட்டோம், இனி தொடலாமா? கூடாது. வெளியிலிருந்து மாட்டும் கருவிக்கு பிரேக்கரின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. உள்ளே கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். டி.பி. பாக்ஸில் யாரோ தப்பாக எழுதிவைத்த சார்ட்டை நம்பி, வேறொரு சர்க்யூட்டைப் பூட்டியிருக்கலாம். ஒற்றை போல் எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும். எங்கோ பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் கரண்ட் அப்படியே நிற்கும். ஆகவே அளந்து பார்க்க வேண்டும். நியான் விளக்கு எரியும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை இதற்கு நம்பாதீர்கள். சரியான வோல்டேஜ் டெஸ்டரையோ மீட்டரையோ எடுத்து, முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். மூன்று பேஸ் என்றால் பேஸ்களுக்கிடையேயும் அளக்க வேண்டும். கடைசியாக மறுபடி கரண்ட் உள்ள இடத்துக்குப் போய், நடுவில் மீட்டர் செத்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எம்சிபி பூட்டு ஒரு பக்கக் கதவைத்தான் சாத்துகிறது. தமிழ்நாட்டில் இன்று ஏராளமான வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மாடியில் சோலார் வைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். பட்டறைகளில் ஜெனரேட்டர் நிற்கிறது. மெயினைப் பூட்டினாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். பேனலில் உள்ள பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்களிலும், மோட்டார் டிரைவின் உள்ளேயும் சுவிட்ச் ஆஃப் ஆன பிறகும் சில நிமிடங்கள் சார்ஜ் நிற்கும். டிரைவின் மேல் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டே ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் கழிந்த பிறகே மூடியைத் திறந்து, அளந்து பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். எத்தனை வழியாகக் கரண்ட் வருகிறதோ அத்தனைக்கும் பூட்டு வேண்டும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் அபார்ட்மென்ட் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் எலெக்ட்ரீஷியனோடு பேனல் முன்னால் நில்லுங்கள். வெளிக் கதவை மட்டும் திறந்தால் போதும். உள்தகட்டின் திருகில் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு பிரேக்கரின் கம்பெனி, மாடல் எண், எத்தனை போல், நாப்பின் பக்கத்தில் ஓட்டை உண்டா, குறுக்குப் பட்டை உண்டா என்று எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போங்கள். வாங்கி வந்ததை மாட்டிப் பூட்டிவிட்டு, நாப்பைப் பலமாகத் தூக்கிப் பாருங்கள், கருவியை இழுத்தும் பாருங்கள். அசைந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வகையை வாங்குங்கள்.

(தொடரும்)