வழிப் பயணத்தில் ஒரு தம்ளர் தேநீர்

இரவுப் பேருந்து சாலையோரத் தேநீர்க் கடை முன் நிற்கிறது. அங்குள்ள பானைத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கும் பயணி ஒருவர், அதே தண்ணீரில் தயாரான தேநீரைத் தயங்காமல் வாங்கிப் பருகுகிறார். அவர் செய்வது சரிதானா?

பெரும்பாலும் சரியே. காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகிய நோய்களின் கிருமிகள் நீர் வழியே பரவுகின்றன. ஆனால், அவை வெப்பத்தைத் தாங்குவதில்லை. பால் பண்ணைகளில் பாலை 72° செல்சியஸ் வெப்பநிலையில் 15 வினாடிகள் வைத்தே நோய்க் கிருமிகளை அழிக்கின்றனர். அப்படியானால், தண்ணீரை 100° வரை சூடாக்குவானேன்?

50° நீருக்கும் 72° நீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் அறிய முடியாது. இரண்டிலிருந்தும் ஆவி எழும். இரண்டும் கையைச் சுடும். ஆனால், நீர் தளதளவென்று கொதிப்பது எவருக்கும் தெரியும். கொதித்தல் என்பது செலவில்லாத வெப்பமானி!

மலைப் பயணத்தில் இந்த வெப்பமானி சற்று மாறுபடும். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1° வீதம் கொதிநிலை தாழ்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 92° அல்லது 93° வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். அதனால் தேயிலையின் சாரம் இறங்கச் சற்றுக் கூடுதல் நேரமாகும். எனினும், கிருமிகளை அழிக்க அவ்வெப்பம் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் குடிநீரை 3 நிமிடங்கள் கொதிக்க விடுவது நல்லது.

அப்படியானால், ஆபத்து எங்கே இருக்கிறது? முதலாவது, பாய்லரில். அப்போதுதான் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தால், சூடாகத் தோன்றும் நீர் கொதித்த நீராக இராது. இரண்டாவது, தம்ளரில். ஒரே வாளித் தண்ணீரில் பலருடைய தம்ளர்களை முக்கி எடுத்தால், ஒருவர் வாயிலிருந்த கிருமிகள் மற்றவர் தம்ளரை அடையும். தேநீர் படாத விளிம்பில் அவை அழியாமலே இருக்கும். மூன்றாவது, நெடுநேரம் வைத்திருக்கும் பால் கலந்த தேநீரில். சில பாக்டீரியாக்களின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாவதில்லை. தேநீரின் வெப்பம் 60°க்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பானதும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். ஆகவே, காலையில் பிளாஸ்கில் ஊற்றிய தேநீரை மாலைவரை வைத்திருந்து குடிப்பது தகாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கொதிக்க வைத்தல் கிருமிகளை அழிக்குமேயன்றி, நீரிலுள்ள உப்பையோ புளோரைடையோ நீக்காது.

கடையில் தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் பாருங்கள். தம்ளரைக் கொதிநீரில் உள்ளும் புறமும் அலசித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்கிறார் என்று சுடச்சுட விழுங்கவும் வேண்டா. 65°க்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகப் பருகுவது உணவுக் குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் அறிவித்தது. கிருமிகளைக் கொல்ல வேண்டிய சூடு அடுப்பில் இருக்கட்டும். தம்ளரில் வந்த தேநீரை ஆற்றிக் குடிப்போம்.