கமத்தொழிலும் முகாமைக் கல்வியும்

கமக்காரர் ஒவ்வொரு போகத்திலும் இரு தொழில்களைச் செய்கின்றார். நெல்லையும் மரக்கறியையும் விளைவித்தல் ஒன்று. விளைந்தவற்றை விற்று வருவாய் பெறுதல் மற்றொன்று. முதலாவது தொழிலுக்குரிய அறிவு முன்னோர் வழியாக வந்ததாகும். 1912 ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னர் நல்லின விதை, பசளை, பீடைக் கட்டுப்பாடு ஆகியன பற்றிய போதனையும் அதனுடன் சேர்ந்தது. இரண்டாவது தொழிலுக்குரிய பயிற்சியோ மிகக் குறைவு. வயலில் நல்ல விளைவைக் கண்டவரும் கணக்கு முடிவிற் கடனாளியாக நிற்பதற்கு இக்குறையும் ஒரு காரணமாகும்.

ஈர நெல்லும் உலர் நெல்லும்

அறுவடை செய்த நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 22 வீதம் எனக் கொள்க. அதில் 100 கிலோ நெல்லில் 22 கிலோ நீரும் 78 கிலோ உலர் பொருளும் உள்ளன. களஞ்சியப்படுத்தற்கு ஏற்ற 14 வீதத்துக்கு அந்நெல்லை உலர்த்தினால் எஞ்சும் நிறை ஏறக்குறைய 90.7 கிலோ ஆகும். ஆகவே ஈர நெல்லின் விலை கிலோவுக்கு 100 ரூபாவாயின், உலர் நெல்லுக்கு 110 ரூபா 25 சதமளவில் கிடைத்தால் மட்டுமே இரண்டும் சமமாகும். உலர் நெல் 105 ரூபாவுக்கே விலைபோகுமாயின் ஈரமாக விற்பதே நன்று. 120 ரூபா கிடைக்குமாயின் ஒவ்வொரு 100 கிலோ ஈர நெல்லுக்கும் 884 ரூபா மேலதிகமாக வரும். அத்தொகையிலிருந்து உலர்த்தும் கூலி, படங்கு, சாக்கு, வண்டிக் கூலி, காத்திருக்கும் காலத்துக்குரிய கடன் வட்டி ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவதே உண்மையான இலாபம்.

இக்கணக்கைச் செய்யாது களத்திலேயே நெல்லை அளந்து கொடுப்பவர், தாம் இலாபமடைந்தாரா நட்டமடைந்தாரா என்பதை அறியமாட்டார்.

விலை கண்டு பயிரிடல்

மரக்கறிச் செய்கையில் இவ்விடர் இன்னும் பெரிது. ஒரு போகத்தில் தக்காளி நல்ல விலைக்குப் போனால், அடுத்த போகத்திற் பலரும் தக்காளியையே நடுகின்றனர். விதையிட்ட நாள் தொட்டு முதற் பறிப்புக்கு ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். அப்பொழுது யாவரது விளைவும் ஒருங்கே சந்தையை அடைய, விலை பறிப்புக் கூலிக்கும் போதாதாகின்றது. மனமுடைந்தவர்கள் அப்பயிரைக் கைவிட, மறுபோகம் விலை மீண்டும் ஏறுகின்றது.

அறுவடைக்குப் பிந்திய இழப்பும் இதனுடன் சேர்கின்றது. இலங்கையில் மரக்கறிகளிலும் பழங்களிலும் நூற்றுக்கு 30 தொடக்கம் 40 வீதம் வரை இவ்வாறு அழிவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. சாக்குகளில் நெருக்கி அடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் இதற்கு ஒரு முக்கிய காரணம். பிளாத்திக்குப் பெட்டிகள் இவ்வழிவைக் குறைக்கும். எனினும் பெட்டியின் விலை எத்தனை பயணத்தில் மீளும் என்பதைக் கணித்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

தனிக் கல்வி எதற்கு?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளித்துள்ளது. கூட்டாக உரம் வாங்குதல், நெல்லைக் களஞ்சியப்படுத்தல், கொள்வோருடன் ஒப்பந்தஞ் செய்தல் என்பன இத்தகைய அமைப்புகளாலும் கூட்டுறவுச் சங்கங்களாலும் செய்யத்தக்கவை. இவற்றை நடத்துவோரிடம் நேர்மை இருத்தல் இன்றியமையாதது. ஆனால் நேர்மை மட்டும் போதாது.

வர்த்தகம் மட்டும் கற்றவர் பேரேட்டை அறிவார். களஞ்சியத்தில் நெல் நிறை குறைவதையும், பழுத்த தக்காளி நெடுநாட் காத்திராது என்பதையும் அறியார். பயிரியல் மட்டும் கற்றவர் பயிரின் இயல்பை அறிவார். ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் முதலீட்டின் மீள்வையும் ஆராயப் பழகியிரார். இரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் முகாமைக் கல்வி வேண்டப்படுவது இதனாலேயே.

இத்துறையில் உயர்கல்வி பெற விரும்பும் கமக்காரரின் பிள்ளைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் வயம்பப் பல்கலைக்கழகத்திலும் வழியுண்டு. எனினும் பட்டம் பெறுவோர் சிலரே. கிராமத்தில் வரவு செலவையும் களஞ்சியத்தையும் பொறுப்பேற்கும் செயலாளருக்கும் பொருளாளருக்கும், அறுவடை ஓய்ந்த காலத்தில், அவர்தம் மொழியிற் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்படுதல் வேண்டும். ஒருவருடைய கணக்குப் பிழையால் பலருடைய ஒரு போக உழைப்பு வீணாகலாம் என்பதை அங்கத்தவர்கள் மறத்தலாகாது.

இப்போகத்திலேயே தொடங்கத்தக்கவை

1. வயலுக்கென ஒரு கொப்பி வைத்து, விதை, பசளை, உழவு, கூலி, வட்டி ஆகிய செலவுகளை அன்றன்றே எழுதுக.
2. வீட்டாரின் உழைப்பையும் நாட்கூலியாகக் கணித்து எழுதுக.
3. விற்ற நாள், நிறை, விலை, ஈரப்பதன் என்பவற்றைக் குறித்துக்கொள்க.
4. மொத்தச் செலவை விளைந்த நிறையால் வகுத்து, ஒரு கிலோவின் உற்பத்திச் செலவை அறிக.
5. அயலவர் நடவிருக்கும் பயிர்களை விசாரித்த பின்னரே மரக்கறிப் பயிரைத் தெரிவு செய்க.

இக்கொப்பியுடன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடும் கமக்காரருக்கு, அவரது வயலுக்கே பொருந்தும் ஆலோசனையைக் கூறுதல் எளிதாகும். உற்பத்திச் செலவை அறிந்தவரே விலை பேசும்போது உறுதியுடன் நிற்க வல்லவர்.