பழைய மோட்டார், புதிய பட்டறை

பம்பு துருப்பிடித்துப் போனாலும் அதை ஓட்டிய மோட்டார் பல வேளைகளில் நன்றாகவே இருக்கும். ஆனாலும் இரண்டும் ஒன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. அப்படியொரு மோட்டாரைக் கொண்டு, கத்தி செய்பவர்கள் பயன்படுத்தும் பெல்ட் கிரைண்டரை நாமே உருவாக்கலாம். பள்ளியில் படித்த இயற்பியலுக்கு இது நல்ல சோதனை.

முதலில் மோட்டாரின் மேலுள்ள தகட்டைப் படியுங்கள். 50 ஹெர்ட்ஸ், நிமிடத்திற்கு 1,440 சுற்று என்றிருந்தால் அது நான்கு துருவ மோட்டார். அதன் காந்தப்புலம் 1,500 முறை சுழல்கிறது. சுழலி சற்றே பின்தங்கி ஓடுகிறது. இந்த வேலைக்கு 1 குதிரைத்திறன் (746 வாட்) போதும். உடல் முழுவதும் மூடிய மோட்டாராக இருப்பது முக்கியம். திறந்த மோட்டார் இரும்புத் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது கணக்கு. சக்கரத்தின் விட்டத்தை 3.14ஆலும் சுற்று எண்ணிக்கையாலும் பெருக்கினால் பெல்ட்டின் வேகம் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 452 மீட்டர் ஓட்டும்; 150 மில்லிமீட்டர் சக்கரம் 678 மீட்டர் ஓட்டும். வேகம் கூடினால் இரும்பு விரைவாகத் தேயும், சூடும் கூடும்.

பெல்ட் என்பது வளையமாக ஒட்டிய உப்புத்தாள் பட்டைதான். மோட்டார் தண்டிலுள்ள சக்கரம் அதை ஓட்டும். ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் மேல் சக்கரம் நடுவில் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். ஓடும் பெல்ட் எப்போதும் மேடான இடத்தை நோக்கி ஏறும் என்பதால், அது நழுவாமல் நடுவிலேயே நிற்கும். பெல்ட்டின் பின்னால் பொருத்திய தட்டையான இரும்புத் தகட்டின் மீதுதான் கத்தியை அழுத்தித் தேய்க்கிறோம்.

கடினமாக்கிய கத்தியைத் தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீல நிறமானால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் கடினம் குறைந்துவிடும்; கூர் நிற்காது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எனவே வயரிங், எர்த் இணைப்பு இரண்டையும் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். கண்ணாடியும் தூசு முகக்கவசமும் கட்டாயம். துணிக் கையுறை வேண்டாம்; பெல்ட் அதைக் கையோடு இழுத்துவிடும். மரத்தூள் கிடக்கும் இடத்தில் இரும்பைத் தேய்த்தால் தீப்பொறி பட்டு நெருப்பு பிடிக்கலாம்.

செய்த கத்தி வீட்டிலோ பட்டறையிலோதான் இருக்க வேண்டும். தகுந்த காரணமின்றிப் பொது இடத்திற்கு எடுத்துச் சென்றால் சட்டச் சிக்கல் வரும்.

முதல் முயற்சிக்குக் கல்லூரிப் பட்டறையே சிறந்த இடம். விரிவுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள். மோட்டாரை எடுத்துச் செல்லும்போது, அதன் தகட்டிலுள்ள எண்களையும் நீங்கள் போட்ட வேகக் கணக்கையும் எழுதிக் கொண்டுபோங்கள். நீங்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரியும்.