பின் கண்ணாடியில் ஓடும் வெள்ளிக் கோடுகள்

உங்கள் வீட்டு வேனின் பின் கண்ணாடியை, அல்லது நீங்கள் ஏறிப் போகும் வாடகை வேனின் பின் கண்ணாடியை, என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் வரிசையாக ஓடும். அழகுக்காகப் போட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணாடி உடையாமல் இருக்கப் பதித்த கம்பி என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. அவை வெள்ளி கலந்த மின்பாதைகள். மழையிலும் பனியிலும் சாரதிக்குப் பின்பக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டவை.

இந்தக் கோடுகள் பழுதாவது வீதி விபத்தினால் மட்டுமல்ல. வாகனத்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் கைகளாலும், ஸ்டிக்கர் உரிக்கும் பிளேட்டினாலும் அவை அறுந்து போகின்றன. ஆகவே இந்த விடயம் கராஜில் உள்ளவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் உள்ள உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெயில் ஊரில் இது எதற்கு?

“புத்தளம் வெயில் பூமி. உப்பு விளையும் ஊரில் கண்ணாடியைச் சூடாக்கி என்ன பயன்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது வீதிகளில் ஓடும் வேன்களில் பெரும்பகுதி ஜப்பானில் சில வருடங்கள் ஓடிய பிறகு இங்கு வந்தவை. அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். அந்த நாட்டுக்காகச் செய்த வசதி வாகனத்தோடு சேர்ந்து நமக்கும் வந்துவிட்டது.

ஆனால் நமக்கு அது தேவையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமது கரையோரத்தில் மழை பெய்கிறது. கற்பிட்டியிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ விடியற்காலையில் கிளம்பி, சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வேனுக்குள் பத்துப் பேர். நனைந்த அபாயாக்கள், குடைகள், துவாய்கள். மழைக்குப் பயந்து எல்லா ஜன்னல்களும் மூடப்பட்டிருக்கும். எல்லோருடைய மூச்சிலும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம், மழைநீர் வழிந்து குளிர்ந்து போன கண்ணாடியில் பட்டவுடன் சிறு சிறு துளிகளாகப் படிகிறது. சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோர்ப்பதும், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

முன் கண்ணாடிக்குக் காற்றூதும் விசிறி இருக்கிறது. பின் கண்ணாடிக்கு அது கிடையாது. ஆகவே பின்புறம் முழுவதும் வெள்ளைத் திரை போட்டதுபோல் மூடிக்கொள்ளும். முந்திச் செல்ல வரும் பஸ்ஸும், ஓரமாக வரும் சைக்கிளும் சாரதியின் கண்ணுக்குப் படாமல் போகும். இந்த நிலையில்தான் அந்தக் கோடுகள் உதவிக்கு வருகின்றன. கண்ணாடியைச் சற்றே சூடாக்கினால் போதும், படிந்த ஈரம் மீண்டும் ஆவியாகிப் போய்விடும்.

ஏணிபோல் அமைந்த மின்பாதை

கண்ணாடியின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக இரண்டு தடித்த பட்டைகள் இருக்கும். குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் அந்த இரண்டையும் இணைக்கின்றன. ஓர் ஏணியைச் சரித்து வைத்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் பெட்டரியின் மின்சாரம் ஏறுகிறது. கோடுகள் வழியாக மறு பட்டைக்குப் போய் இறங்குகிறது. மெல்லிய பாதையில் நெருக்கிக்கொண்டு ஓடும் மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. மின் அடுப்பின் சுருள் சூடாவதும் இதே முறையில்தான்.

வாகனத்தின் மின்னழுத்தம் 12 வோல்ட். இந்தக் கோடுகள் சாதாரணமாக 10 முதல் 20 அம்பியர் வரை மின்சாரத்தை இழுக்கும். 15 அம்பியர் என்று கொண்டால் 180 வாட். அதாவது பழைய 60 வாட் பல்புகள் மூன்றை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். எனவே என்ஜின் ஓடும்போது மட்டுமே இதைப் போட வேண்டும். பல வாகனங்களில் சிறிது நேரத்தில் அதுவாகவே நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால், கண்ணாடி தெளிந்ததும் நாமே நிறுத்திவிட வேண்டும்.

ஏணியில் ஒரு படி உடைந்தாலும் மற்றப் படிகள் நிற்கும் அல்லவா? அதுபோல ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு மட்டும்தான் வேலை செய்யாது. மற்றவை வழமைபோல் சூடாகும்.

மண்ணிலிருந்து கண்ணாடி வரை

நமது மாவட்டத்துக்கும் கண்ணாடிக்கும் உறவு உண்டு. நாத்தாண்டியா, மாரவில பகுதிகளின் வெண்மணல் கண்ணாடி செய்வதற்குப் பேர்போனது. அந்த மணலில் இந்நாட்டில் போத்தல்கள் செய்யப்படுகின்றன. வாகனக் கண்ணாடியும் அடிப்படையில் அத்தகைய மணலிலிருந்து பிறப்பதுதான்.

கோடுகளை வரையும் விதம் சுவையானது. வெள்ளித் தூளையும் நுண்ணிய கண்ணாடித் தூளையும் எண்ணெய்ப் பசையில் குழைப்பார்கள். துணிப் பைகளில் கடைப் பெயர் அச்சிடுவதுபோல, ஸ்கிரீன் பிரிண்ட் முறையில், தட்டையான கண்ணாடியின் மேல் அதை அச்சிடுவார்கள். பிறகு 600 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் கண்ணாடியை உலையில் வைப்பார்கள். வெள்ளிப் பசை கண்ணாடியோடு உருகி ஒட்டிக்கொள்ளும். அதே சூட்டில் கண்ணாடியை வளைத்து, குளிர்காற்றைப் பாய்ச்சித் திடீரென ஆற வைப்பார்கள். இப்படிப் பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும்.

வெள்ளியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உலோகங்களுக்குள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். வீட்டுக் கூரையில் வைக்கும் சூரிய மின்தகடுகளிலும் இதேபோன்ற வெள்ளிப் பசைக் கோடுகளைக் காணலாம். அங்கே வெயில் உண்டாக்கும் மின்சாரத்தை அவை திரட்டித் தருகின்றன. இங்கே மின்சாரத்தை வெப்பமாக்குகின்றன.

முன் கண்ணாடிக்கு இவ்வாறு கோடு போட்டால் சாரதியின் பார்வையை மறைக்கும். 1985இல் ஃபோர்ட் நிறுவனம் ஐரோப்பாவில் தனது ஸ்கோர்பியோ காருக்கு, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே முடியைப் போன்ற நுண்கம்பிகளை வைத்து முன் கண்ணாடியையும் சூடாக்கிக் காட்டியது. நமது வேன்களில் அந்த வசதியைக் காண்பது அரிது.

நாம் செய்யும் சேதம்

கோடுகள் கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். வெளியே எவ்வளவு கழுவினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து உள்ளே இருந்துதான் வருகிறது.

முதலாவது, பொச்சு, கம்பிச் சுருள், பிளேட் ஆகியவை. இவற்றால் உட்புறத்தைத் தேய்த்தால் கோடு சுரண்டுப்படும். மிருதுவான ஈரத் துணியால், கோடு ஓடும் திசையிலேயே, அதாவது இடமிருந்து வலமாகத் துடையுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்காதீர்கள்.

இரண்டாவது, ஸ்டிக்கர். “மாஷா அல்லாஹ்” என்று எழுதியதாகட்டும், பிள்ளைகளின் படமாகட்டும், உட்பக்கத்தில் கோடுகளின் மேல் ஒட்டினால், உரிக்கும்போது வெள்ளியும் சேர்ந்து வரலாம். ஒட்டத்தான் வேண்டுமென்றால் வெளிப்பக்கத்தில், பார்வையை மறைக்காத மூலையில் ஒட்டுங்கள். ஏற்கெனவே உள்ளே ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்து, பசை இளகியபின் மெதுவாக உரியுங்கள். மிச்சமுள்ள பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கலாம்.

மூன்றாவது, கறுப்புத் தாள். மறைவுக்காகப் பலர் ஒட்டுகிறார்கள். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய தாளைப் பிய்த்துவிட்டுப் புதியதை ஒட்டும்போது முழுக் கோடுகளும் போய்விடக்கூடும். சட்டம் அனுமதிக்கும் அளவில் பக்கக் கண்ணாடிகளுக்கு ஒட்டிவிட்டு, பின் கண்ணாடியை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

நான்காவது, சாமான். கட்டில் சட்டம், பெட்டியின் கூர்முனை, சைக்கிள் ஆகியவற்றைப் பின் கண்ணாடியில் சாய்க்காதீர்கள். ஓரத்தில் வயர் சேரும் இடமும் பலவீனமானது. கடற்காற்றின் உப்பு ஈரம் அந்த இணைப்பில் களிம்பு பிடிக்கச் செய்யும். பிள்ளைகள் அந்த வயரைப் பிடித்து இழுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுதைக் கண்டுபிடிப்பது

கண்ணாடி மூடியிருக்கும் ஒரு நாளில் என்ஜினை ஓடவிட்டு சுவிட்சைப் போடுங்கள். செவ்வகப் பெட்டிக்குள் மேல் நோக்கி வளைந்த மூன்று அம்புகள் இருக்கும் அடையாளமே பின் கண்ணாடிக்குரியது. சில நிமிடங்களில் கோட்டுக்குக் கோடு தெளியத் தொடங்கும். ஒரு கோட்டருகே மட்டும் மூட்டம் நின்றால் அது எங்கோ அறுந்திருக்கிறது. எதுவுமே தெளியாவிட்டால் முதலில் ஃபியூசையும் ஓர இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் சில வாகனங்களில் மேலே தனியாக ஓடும் ஓரிரு கோடுகள் ரேடியோ ஏரியல். அவை சூடாவதில்லை, அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

அறுந்த இடம் சிறியதென்றால் முழுக் கண்ணாடியையும் மாற்றத் தேவையில்லை. அதற்கென்றே வெள்ளி கலந்த மின்கடத்தும் பூச்சு விற்கப்படுகிறது. இடத்தைச் சுத்தம் செய்து, கோட்டின் இருபுறமும் டேப் ஒட்டி, இடைவெளியில் மட்டும் பூசிக் காயவிட்டால் பாதை மீண்டும் இணையும். கழன்ற வயரை விபரம் தெரிந்த பாஸ் ஒருவர் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுப்பார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த வருடங்களில் பழைய வாகனங்களையே காத்து வந்தவர்களுக்கு, கையில் இருப்பதைப் பேணுவதன் அருமை தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஏசி போட்டு ஓடும்போது சில இரவுகளில் மூட்டம் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. விரலால் தொட்டுப் பார்த்து எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்ளுங்கள். வெளியே என்றால் முன்புறத்தில் வைப்பரைப் போட்டு, ஏசியின் குளிரைக் குறைக்க வேண்டும். உள்ளே என்றால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி விட வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மற்றது இன்னும் முக்கியமானது. பின் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வேனை ஒட்டிப் பின்னால் நிற்கும் சிறு பிள்ளையை அதன் வழியாகப் பார்க்க முடியாது. பிள்ளையின் தலை கண்ணாடியின் மட்டத்துக்குக் கீழே இருக்கும். வாப்பா வேனை எடுக்கும் சத்தம் கேட்டால் பிள்ளை வாசலுக்கு ஓடி வரும். ஆகவே வளவுக்குள் வேனைப் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் இறங்கிப் பின்னால் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளை உம்மா கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தை இன்றே உங்கள் வீட்டில் தொடங்கிவிடுங்கள். மழைக்காலம் வருமுன் அந்த சுவிட்சையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.