கண்ணை நம்பிப் பறக்கும் வான்வெளி: பயிற்சி விமானிகளின் சந்தேகங்கள்

வணிக விமானி உரிமத் தேர்வின் ‘ஏர் ரெகுலேஷன்ஸ்’ தாளைக் குறித்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தில் வந்து முட்டி நிற்கின்றன. டி, இ, எஃப், ஜி என்ற வான்வெளி வகுப்புகளைத் தடையின்றி ஒப்பிக்கக்கூடிய மாணவர்களுக்கும், வி.எஃப்.ஆர். முறையில், அதாவது கண்பார்வையை ஆதாரமாகக் கொண்டு, பறக்கும்போது அவ்வகுப்புகள் தமக்கு எவ்வளவு பாதுகாப்பு அளிக்கின்றன என்பது விளங்கவில்லை. வகுப்புகளின் லட்சணங்களை எந்தப் பாடப்புத்தகத்திலும் காணலாமாதலால் அவற்றை விட்டுவிட்டு, டி வகுப்பின் உள்ளே கிடக்கும் ஓர் ஏற்பாட்டை மட்டும் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

விமான நிலையத்தைச் சூழ்ந்த டி வகுப்பைக் கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளி என்கிறார்கள். அதில் நுழைய டவரின் அனுமதி வேண்டும், ரேடியோத் தொடர்பும் அறாமல் இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்கும் மாணவன், தன் செஸ்னாவுக்கும் இறங்கவரும் பயணிகள் விமானத்துக்கும் நடுவே ஓர் இடைவெளியை டவர் காத்துத் தருகிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பே. விதி அப்படிச் சொல்லவில்லை. கருவி விதிப்படி, அதாவது ஐ.எஃப்.ஆர். முறையில், பறக்கும் இரு விமானங்களை மட்டுமே அங்கே டவர் பிரித்து வைக்கிறது; வி.எஃப்.ஆர். விமானத்துக்குக் கிடைப்பது, இன்ன திசையில் இன்ன உயரத்தில் இன்னொரு விமானம் இருக்கிறது என்ற தகவல் மாத்திரமே. பார்ப்பதும் விலகுவதும் விமானியின் பொறுப்பு. ஐ.எஃப்.ஆர். விமானத்திலிருந்து வி.எஃப்.ஆர். விமானத்தையும் பிரித்து வைக்கும் கடமை சர்வதேச விதிகளில் சி வகுப்பில்தான் தொடங்குகிறது.

இந்தப் பொறுப்பைக் கண் தாங்குமா என்பதே என் கவலை. டி வகுப்பில் வி.எஃப்.ஆர். விமானம் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மேகத்தைத் துளைத்து வெளிப்படும் விமானத்தைக் கண்டு ஒதுங்க அவகாசம் வேண்டும் என்பதே அதன் காரணம். அந்த விமானமோ 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வரை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 128 மீட்டர் வேகத்தில், வரலாம். அப்படியானால், நம் மாணவன் ஆகாயத்தில் அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டாலும், 1,500 மீட்டரை அது கடக்க 12 விநாடிகூட ஆகாது. மாணவன் 90 நாட் வேகத்தில் அதை நோக்கியே பறந்துகொண்டிருந்தால் 9 விநாடியும் தேறாது. ஆனால் கண்டு, இனம் புரிந்து, மோதல் வருகிறதென்று உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்பும் வரையில் 12.5 விநாடி வேண்டும் என்பது அமெரிக்க விமான நிர்வாகம் விமானிகளுக்கு வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பிலேயே இருக்கும் கணக்கு. மேலும், மோதப்போகும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும்; நகராத புள்ளியைக் கண் எளிதில் கவனிப்பதில்லை.

1978 செப்டம்பர் 25 அன்று, காலை ஒன்பது மணியளவில், தெளிந்த வானத்தில், ஸான் டியேகோ நகரின்மேல் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று பயிற்சியிலிருந்த செஸ்னா 172-இன்மேல் மோதி, தரையிலிருந்தோர் உட்பட 144 பேர் மாண்டார்கள். செஸ்னா இருக்கும் இடம் போயிங் விமானிகளுக்கு முன்னதாகவே சொல்லப்பட்டது. கண்டதாக அவர்கள் தெரிவித்ததும், கண்பார்வையாலேயே விலகியிருக்கும்படி அவர்களுக்கு உத்தரவாயிற்று. பிறகு பார்வையிலிருந்து அது தவறிப்போனதை அவர்கள் தெளிவாக அறிவிக்கவில்லை என்று விசாரணை கண்டது. ராடாரால் பிரித்து வைக்க வசதி இருந்தும் கண்ணிடம் ஒப்படைத்த நடைமுறையும் அதில் குறை கூறப்பட்டது. அனுபவம் மிகுந்த விமானிகளுக்கு நேர்ந்தது இது.

ஆகையால் மாணவர்கள் இரண்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘டிராஃபிக் இன் சைட்’ என்று சொன்ன பின் அந்த விமானம் கண்ணில் இல்லாமற்போனால், சங்கோசப்படாமல் அக்கணமே டவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதாக, டி வகுப்பில் விலகும் வழி குறித்த ஆலோசனையை விமானி கேட்டால் தரும் ஏற்பாடு விதியிலேயே இருக்கிறது. கேட்டால்தான் வரும் என்பதால், கேட்கப் பழக வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்கு நம் நாட்டு விதிப்படி சுருக்கமான விடைகள் போதும். இரவில் வி.எஃப்.ஆர். உண்டா? சூரிய அஸ்தமனத்திலிருந்து உதயம் வரை, டவர் விலக்களித்த உள்ளூர்ப் பறத்தல் போன்றவை தவிர, இல்லை. எவ்வளவு உயரம் வரை? ஃப்ளைட் லெவல் 150. மேகக்கூரை 1,500 அடிக்குத் தாழ்ந்தாலோ, தரையில் பார்வைத்தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தாலோ கிளம்பலாமா? டவரின் விசேஷ அனுமதியின்றிக் கூடாது. 10,000 அடியிலும் அதற்கு மேலும் அதே 5 கிலோமீட்டர் போதுமா? போதாது, அங்கே 8.